முதலையிடம் கேட்டுப் பார்த்தால்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், வடநெம்மேலி முதலைப் பண்ணையின் சுவரோரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றால் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும்: "உயிரோட இருக்கா, பொம்மையா?" வாயைப் பிளந்தபடி மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும் முதலையைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். சிலர் கேள்வியோடு நிறுத்திக்கொள்வதில்லை. கையில் கிடைத்த கல்லையோ காலி பாட்டிலையோ எறிந்து பார்த்துவிடுகிறார்கள்.

அந்தப் பிளந்த வாய் முதலையின் குளிரூட்டி. வெயில் காயும்போது உடல் சூடேற வேண்டும். ஆனால் தலை அளவுக்கு மேல் சூடாகிவிடக் கூடாது. ஈரமான உள்வாயைக் காற்றுக்குத் திறந்து வைத்து வெப்பத்தை வெளியேற்றுகிறது. அசையாமல் கிடப்பது சோம்பலும் இல்லை. வெளியிலிருந்து வெப்பம் வாங்கி வாழும் பிராணிக்கு வெயில் காய்வதே அன்றைய வேலை. அதன் தாடை ஓரங்களில் கரும்புள்ளிகள்போல் தெரியும் சிறு மேடுகள் நீரின் மெல்லிய அதிர்வைக்கூட உணரும் உறுப்புகள். முதலையின் உறவினமான அலிகேட்டர், இருட்டில் ஒரே ஒரு துளி நீர் விழுந்த திசையைக்கூட இந்த மேடுகளைக் கொண்டு கண்டுபிடித்துவிடும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட பிராணியின் குளத்தில்தான் நாம் கல் எறிகிறோம்.

உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது எளிது. நலமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்குத்தான் கடந்த அறுபது ஆண்டுகளில் ஒரு தனி அறிவியல் வளர்ந்திருக்கிறது. நாய், பூனை என்றால் முகத்தைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடுவோம். முகபாவமே மாறாத, மாதக்கணக்கில் சாப்பிடாமலும் தாக்குப்பிடிக்கிற ஒரு பிராணியின் நலத்தை எதை வைத்துச் சொல்வது?

இதை யோசிக்கச் செங்கல்பட்டு மாவட்டம் வாகான இடம். மாவட்டத்தின் ஒரு பக்கம் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, சுமார் 600 ஹெக்டேர் புதர்க்காட்டு நிலத்தில். இன்னொரு பக்கம், கடலை ஒட்டி, எட்டு ஏக்கர் சொச்சத்தில் முதலைப் பண்ணை. பரப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் நொடியில் சொல்லிவிடலாம். ஆனால் விலங்கு வாழ்வது வரைபடத்தில் உள்ள பரப்பில் இல்லை. தன் கண்ணுக்கும் மூக்கிற்கும் தோலுக்கும் எட்டுகிற இடத்தில்.

முதலைப் பண்ணையை 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜை விட்டேக்கரும் தொடங்கினார்கள். தோலுக்கான வேட்டையால் நம் ஆறுகளிலும் ஏரிகளிலும் முதலைகள் அரிதாகிவிட்ட காலம் அது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருந்தது. ஆனால் எஞ்சியவை தாமாகப் பெருகும் அளவுக்கு இருக்கவில்லை. இங்கே வைத்துப் பெருக்கி மீண்டும் நீர்நிலைகளுக்கு அனுப்புவது என்பதே திட்டம். அது பலித்தது. வடநெம்மேலியின் வெப்பமும், மணலும், தவறாத தீனியும் சதுப்புநில முதலைகளுக்கு அவ்வளவு ஒத்துப்போயின. ஒரே ஆண்டில் இருமுறை முட்டையிடும் பெண் முதலைகளை ஆய்வாளர்கள் இங்கே பதிவு செய்தார்கள். முட்டை அடைகாக்கப்படும் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது என்பதையும் இங்குள்ள முட்டைகளை வைத்து விரிவாக ஆராய்ந்தார்கள். 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை வைத்தால் எல்லாமே பெண், 32.5 டிகிரியில் எல்லாமே ஆண். 1989இல் வெளிவந்த இந்த முடிவுகள் உலகெங்கும் ஊர்வன ஆய்வாளர்கள் எடுத்தாளும் தரவாயின.

பிறகுதான் சிக்கல் வந்தது. 1990களின் நடுவில் முதலைகளை இயற்கை நீர்நிலைகளில் விடும் திட்டம் நின்றுபோனது. ஏரி, அணைகளை ஒட்டி மனிதக் குடியிருப்புகள் பெருகிவிட்டதால் முதலைகளை ஏற்க யாரும் முன்வரவில்லை. ஆனால் முதலைகளுக்கு அரசாணை தெரியாது; அவை முட்டையிட்டுக்கொண்டே இருந்தன. முட்டைகளை எடுத்து அகற்றிய பின்னும் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டி நின்றது. இடநெருக்கடியைப் பண்ணையே வெளிப்படையாகச் சொன்னது. ஆயிரம் சதுப்புநில முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள மீட்பு மையத்துக்கு மாற்ற மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அனுமதி கொடுத்தது. அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் தள்ளுபடி செய்தது.

'நன்றாகக் குட்டி போடுகிறது, ஆகவே நன்றாக இருக்கிறது' என்பது பூங்கா உலகத்தின் மிகப் பழைய நம்பிக்கை. ஆண்டறிக்கைகளில் பிறப்புக் கணக்கு முதல் பக்கத்தில் வருவது அதனால்தான். வடநெம்மேலியின் வரலாறு அந்த நம்பிக்கை எங்கே தடுமாறுகிறது என்று காட்டுகிறது. ஆற்றில் அடிவாங்கிய முதலை நீந்தி வேறு கரைக்குப் போய்விடும். அடைப்புக்குள் அதற்கு வேறு கரை கிடையாது. வெயில் காய ஏற்ற மேட்டைப் பெரிய முதலைகள் பிடித்துக்கொள்ளும். கீழ்நிலையில் உள்ளவை வால் கடிபட்டு, சரியாக வெயில் காயாமல், அதனால் தின்றது செரிக்காமல், வளர்ச்சி குன்றிக் கிடக்கும். அமெரிக்காவின் லூசியானாவில் அலிகேட்டர்களை வைத்து ரூத் எல்ஸியும் சக ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதை ரத்தத்திலேயே அளந்து காட்டியது. நெருக்கமாக அடைத்து வளர்த்தவற்றின் ரத்தத்தில் கார்டிகோஸ்டிரோன் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது; வளர்ச்சி குறைந்திருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு குளத்திலும் முதலைகள் ஒரே மாதிரிதான் அசையாமல் கிடந்திருக்கும்.

இடமாற்றம் பற்றி இரு தரப்பிலும் நியாயம் பேசினார்கள். நெருக்கடியைக் குறைக்காமல் அப்படியே விடுவதைவிட அனுப்பியது மேல் என்பதே என் கருத்து. ஆனால் போகும் இடம் தெரியாமல் ஒரு விலங்கைப் பெருக்கக் கூடாது என்ற பாடத்தை நாடு முழுக்க எல்லாப் பூங்காக்களும் இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நலம் என்பது முட்டையிலேயே தொடங்கும் கணக்கு.

வண்டலூரின் கதை இன்னும் பழையது. 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கி வைத்த விலங்குக் கூடமே அதன் மூலம். இந்தியாவின் முதல் பொது உயிரியல் பூங்கா என்று அதைச் சொல்வார்கள். சில ஆண்டுகளில் அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. நூறாண்டுக்கு மேல் அங்கேதான், கம்பிக் கூண்டுகளில், ரயில் சத்தத்துக்கும் நகர இரைச்சலுக்கும் நடுவே விலங்குகள் இருந்தன. 1985 ஜூலையில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வண்டலூரில் புதிய பூங்காவைத் திறந்து வைத்தார். கம்பிக்குப் பதில் அகழி. சிமென்ட் தரைக்குப் பதில் மண், மரம், புல். அந்தக் காலத்தில் அது பெரிய மாற்றம். இன்றும் வண்டலூரின் மிகப் பெரிய சொத்து அந்த நிலம்தான்.

அது எவ்வளவு தூரம் போதும்? சூரிக் உயிரியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹைனி ஹெடிகர் 1940களிலேயே இதற்கு ஒரு பதில் எழுதினார். காட்டு விலங்கு தன் நிலத்தில் மனம்போன போக்கில் அலைவதில்லை. படுக்க ஓரிடம், ஒளிய ஓரிடம், நீர் குடிக்க ஓரிடம், எல்லை குறிக்க ஓரிடம் என்று பாதை வகுத்து வாழ்கிறது. ஆகவே எத்தனை சதுர அடி என்பதற்கு முன்னால் அந்த இடத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேள் என்றார். தென்னிந்தியாவின் நான்கு பூங்காக்களில் சிறுத்தைகளைப் பார்த்து அவந்தி மல்லாபூரும் ரவி செல்லமும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாக உறுதிப்படுத்துகிறது. சிறுத்தைகள் தங்கள் இடம் முழுவதையும் ஒரே மாதிரி பயன்படுத்தவில்லை. முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருக்கும் அந்த ஓயாத நடை வேலியின் ஓரத்தில் நிகழ்ந்தது. ஓய்வு, பார்வையாளருக்கு எட்டாத பின்பகுதியில். பரப்பை இரட்டிப்பாக்கினாலும் ஒளிய ஒரு மறைவு இல்லையென்றால் சிறுத்தைக்குக் கூடுதலாகக் கிடைப்பது நடக்க நீளமான ஓரம் மட்டுமே.

அந்த ஓயாத நடையைப் பூங்காவுக்குப் போன எல்லோரும் பார்த்திருப்போம். புலி ஒரே தடத்தில் எட்டு வைத்து, அதே இடத்தில் திரும்பி, அதே இடத்தில் தலையைச் சாய்த்து, மறுபடி நடக்கும். தடம் புல் முளைக்காமல் தேய்ந்திருக்கும். கரடி தலையை ஆட்டும்; யானை உடலை அசைக்கும். குழந்தைகள் அதைப் பார்த்து "டான்ஸ் ஆடுது" என்பார்கள். தேட வேண்டிய இரையும் சுற்ற வேண்டிய நிலமும் இல்லாத ஒரு மூளை, அந்த உந்துதலைக் கொட்ட வழியில்லாமல் ஓர் அசைவிலேயே சிக்கிக்கொள்வதுதான் அந்த ஆட்டம். ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இருவர் 2003இல் நேச்சர் இதழில் இதைப் பல இனங்களுக்கிடையே ஒப்பிட்டார்கள். காட்டில் பெரும் பரப்பில் சுற்றும் ஊனுண்ணிகளில்தான் அடைப்பில் இந்த நடை அதிகம். அவற்றின் குட்டிகள் இறப்பதும் அதிகம். யானை விஷயத்தில் முடிவு இன்னும் கடுமையாக இருந்தது. ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆசிய யானைகளின் இடைநிலை ஆயுள் 18.9 ஆண்டு என்றும், மியான்மரில் மரம் இழுக்கும் வேலை செய்த யானைகளுக்கு அது 41.7 ஆண்டு என்றும் 2008இல் கணக்கிட்டார்கள். கடும் உடலுழைப்பு செய்த யானை, உட்காரவைத்துச் சோறு போடப்பட்ட யானையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வாழ்ந்திருக்கிறது. பூங்காக்களில் உள்ள யானைகளை முகாம்களுக்கும் காட்டை ஒட்டிய மையங்களுக்கும் மாற்ற வேண்டும் என்று நம் மத்திய ஆணையம் 2009இல் உத்தரவிட்டது சரியான முடிவு.

விலங்கு நலத்தைச் சிந்திக்கும் முறையே இந்த அறுபது ஆண்டுகளில் மாறியது. பிரிட்டனில் பண்ணை விலங்குகளின் நிலையைப் பற்றி ரூத் ஹாரிசன் 1964இல் எழுதிய புத்தகம் கிளப்பிய கோபத்தால் அரசு ஒரு குழு அமைத்தது. 1965இல் வந்த அந்த அறிக்கை, விலங்குக்கு எழ, படுக்க, திரும்ப, தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும் என்று சொன்னது. அதிலிருந்துதான் பசி, வலி, அச்சம் முதலியவற்றிலிருந்து விடுதலை என்ற ஐந்து சுதந்திரங்கள் வந்தன. நல்ல தொடக்கம்தான். ஆனால் ஒரு விலங்குக்குப் பசி இல்லை, நோய் இல்லை, பயம் இல்லை என்றால் அது நலமாக இருக்கிறது என்று ஆகிவிடுமா? வெறுமையான அறையில் வேளாவேளைக்குச் சோறு கிடைத்து அடைந்து கிடக்கும் மனிதருக்கும் இவை எல்லாம் பொருந்தும். நியூசிலாந்தின் டேவிட் மெல்லர் 1994 முதல் வளர்த்துவந்த ஐந்து களங்கள் என்ற அணுகுமுறை இந்தக் குறையை எடுத்துக்கொண்டது. உணவு, சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கையும் தனித்தனியே பார்த்து, இவை எல்லாம் சேர்ந்து விலங்கின் மனத்தில் என்ன உணர்வை உண்டாக்குகின்றன என்று ஐந்தாவதாகக் கேட்கிறது. துன்பம் இல்லாமை மட்டும் போதாது; ஆர்வம், விளையாட்டு, நிறைவு இவையும் இருக்கின்றனவா என்று தேடுகிறது. உலக உயிரியல் பூங்காக்களின் சங்கமும் 2015இல் இதையே தன் நல வழிகாட்டியின் அடிப்படையாக எடுத்துக்கொண்டது.

தேடுவது என்றால் எப்படி? நடைமுறையில் இரண்டு வழிகள் அதிகம் பயன்படுகின்றன. ஒன்று, குறித்த நேர இடைவெளியில் விலங்கைப் பார்த்து அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்று எழுதுவது. மற்றொன்று, சாணத்தைச் சேகரித்து மன அழுத்த ஹார்மோனின் சிதைவுப் பொருட்களை அளப்பது. ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் ஊசியின் பயமே ஹார்மோனை ஏற்றிவிடும். சாணத்தில் அந்தக் கலப்படம் இல்லை. முந்தைய நாட்களின் நிலை அதில் பதிந்திருக்கும்.

இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்களும் பங்கேற்று 2017இல் வெளியான ஒன்று. நாட்டின் ஆறு மையங்களில் 70 புலிகளையும் சிறுத்தைகளையும் கவனித்து, 43,200 முறை நடத்தையைக் குறித்தார்கள். சாண மாதிரிகளையும் பரிசோதித்தார்கள். புலியைவிடச் சிறுத்தையிடம் ஓயாத நடை அதிகம். உடல்நலம் குன்றியவையும், தன் இனத்தின் மற்ற விலங்குகளுக்கு அருகிலேயே வைக்கப்பட்டவையும் கூடுதலாக நடந்தன. காட்டிலிருந்து பிடித்து வந்தவற்றின் ஹார்மோன் அளவு கூண்டில் பிறந்தவற்றைவிடக் கூடியிருந்தது. இவை ஓரளவு எதிர்பார்க்கக்கூடியவை.

எதிர்பாராத முடிவுகள் இரண்டு. முதலாவது, அதிகம் நடந்த விலங்கின் ஹார்மோன் அதிகமாக இருக்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பே தெரியவில்லை. ஆராய்ச்சி தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஓயாத நடை இன்றைய துன்பத்தைக் காட்டலாம்; பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய கூண்டில் உண்டான பழக்கம் தழும்பாக நின்றுவிட்டதையும் காட்டலாம்; அந்த நடையே விலங்கு தன்னைத் தேற்றிக்கொள்ளும் வழியாகவும் இருக்கலாம். மறுபக்கம், நடக்காமல் மூலையில் சுருண்டு கிடக்கும் சிறுத்தை இதைவிட மோசமான நிலையில் இருக்கக்கூடும். ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு "இந்தப் பூங்கா நல்லது, அந்தப் பூங்கா மோசம்" என்று மதிப்பெண் போடுபவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

இரண்டாவது முடிவு காப்பாளரைப் பற்றியது. அனுபவமும் விலங்கிடம் நல்ல மனப்பாங்கும் கொண்ட காப்பாளர் இருந்த இடங்களில் ஓயாத நடை குறைந்தது. காப்பாளரின் மனப்பாங்கு மோசமாக இருந்த இடங்களில் சாணத்தில் அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. கூண்டின் பரப்பைப் போலவே, கூண்டைத் திறந்து மூடும் மனிதரும் புலியின் உடலுக்குள் அளக்கத்தக்க மாற்றத்தை உண்டாக்குகிறார். இதை ஆய்வுக்கு முன்பே காப்பாளர்கள் அறிவார்கள். கதவை ஓசையில்லாமல் திறப்பது, தினமும் அதே குரலில் கூப்பிடுவது, சுத்தம் செய்யும்போது அவசரப்படுத்தாமல் இருப்பது ஆகியவை எந்தக் கட்டடச் செலவிலும் வராத முன்னேற்றங்கள்.

காப்பாளரின் கண்ணே முதல் பரிசோதனைக் கருவியும்கூட. 2021 மே மாதக் கடைசியில் வண்டலூர் சஃபாரிப் பகுதியில் ஐந்து சிங்கங்கள் சாப்பாட்டில் ஆர்வம் குறைந்து அவ்வப்போது இருமுவதை ஊழியர்கள் கவனித்தார்கள். பதினொரு சிங்கங்களின் மாதிரிகள் போபால் ஆய்வகத்துக்குப் போயின. அவற்றில் ஒன்பதுக்குக் கொரோனா. நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் ஜூன் 3 அன்று இறந்தது. அதற்கு முந்தைய நாள் மூக்கில் நீர் ஒழுகியதைத் தவிர அதனிடம் அறிகுறியே தெரியவில்லை. பத்மநாதன் என்ற ஆண் சிங்கம் அதே மாதம் 16ஆம் தேதி இறந்தது. காட்டு விலங்கு நோயை மறைக்கும். பலவீனம் தெரிந்தால் காட்டில் அது உயிருக்கு ஆபத்து. அந்த மறைப்பைத் தாண்டிப் பார்ப்பவர், அதே விலங்கைத் தினமும் பார்ப்பவராக மட்டுமே இருக்க முடியும். காப்பாளரை அடிக்கடி மாற்றும் எந்த நிர்வாகமும் தன் கையிலுள்ள நல்ல கருவியைத் தூக்கி எறிகிறது.

ஊர்வனவற்றில் இந்தப் பார்வை இன்னும் கடினம். அதனாலேயே அவற்றின் நலம் நெடுங்காலம் கண்டுகொள்ளப்படாமல் கிடந்தது. பாம்பும் பல்லியும் கண்ணாடியை எல்லையாகப் புரிந்துகொள்வதில்லை. மூக்கைத் திரும்பத் திரும்ப அதில் முட்டி உரசிக் காயமாக்கிக்கொள்ளும். பார்ப்பவர் அதை "நம்மைப் பார்க்க வருகிறது" என்று நினைப்பார். அடைப்பின் கீழ்ப்பகுதியை மறைத்து, புகுந்துகொள்ள ஒரு பொந்தும், முழு உடலையும் நேராக நீட்டும் அளவுக்கு நீளமும், ஒரு மூலை வெப்பமாகவும் மறுமூலை குளிர்ச்சியாகவும் வைத்தால் பெரும்பாலும் அந்த முட்டல் குறைகிறது. எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பாம்பிடமே கொடுக்கும் வேலை இது.

வடநெம்மேலி வளாகத்திலேயே இதை வேறு விதமாக அறிந்தவர்கள் இருக்கிறார்கள். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை மண்பானைகளில் வைக்கிறார்கள். பானையில் பாதிக்கு மணல், வாயில் துணிக்கட்டு. சில வாரங்களில் சில முறை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் எதற்கென்றால், அதே பாம்பை உடனே மீண்டும் பிடித்துவிடக் கூடாது என்பதற்கு. பாம்புக்கு வேண்டியது இருட்டு, குளிர்ச்சி, உடலை அணைத்த இடுக்கு. கண்ணாடிப் பெட்டியைவிட மண்பானை இதற்குப் பொருத்தம். நெடுநாள் வைத்திருக்கப் பானை போதாது என்பதும் உண்மை; குறுகிய காலம் வைத்து விடுவிப்பதே அந்த முறையின் உயிர். இந்த மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது, பாம்பைப் புரிந்துகொண்ட ஒரு கல்வி மரபுக்கே அது கிடைத்ததாகப் பட்டது.

முதலைகளுக்கு மூளை மழுங்கல் என்ற எண்ணத்தையும் இந்தப் பண்ணை அசைத்திருக்கிறது. இங்கே முதலைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும், குச்சியின் முனையில் உள்ள இலக்கைத் தொடும், நில் என்றால் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு இறைச்சி. இதை வேடிக்கை என்று ஒதுக்கக் கூடாது. பழக்கப்படாத முதலையைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் கயிறு போட்டு, பலர் மேலே அமர்ந்து அடக்க வேண்டும். பயந்து திமிறும் முதலையின் தசைகளில் லாக்டிக் அமிலம் தேங்கி, சில சமயம் அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். கூப்பிட்ட இடத்துக்குத் தானாக வரும் முதலைக்கு அந்த வதை மிச்சம்.

விளாடிமிர் டைனட்ஸ் என்ற ஆய்வாளர், இங்குள்ள சதுப்புநில முதலைகள் மூக்கின் மேல் சுள்ளிகளைத் தாங்கியபடி கொக்குகள் கூடு கட்டும் மரத்தடி நீரில் காத்துக் கிடந்ததைப் பார்த்தார். கூட்டுக்குச் சுள்ளி தேடி வரும் பறவையைப் பிடிக்கும் உத்தி இது என்று 2013இல் சக ஆய்வாளர்களுடன் எழுதினார். அது உண்மையில் உத்திதானா என்று பின்னால் வந்த ஆய்வு கேள்வி எழுப்பியது, விவாதம் முடியவில்லை. ஆனால் வெறும் சிமென்ட் தொட்டியில் வளரும் முதலையிடம் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. மரமும் சுள்ளியும் பறவையும் இருந்ததால்தான் அது என்ன செய்யும் என்று தெரிய வந்தது. வாஷிங்டன் தேசியப் பூங்காவில் தன் காலைக் கடித்தும் கழுத்தைக் கீறியும் புண்ணாக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான நைல் ஆமைக்குப் பந்துகளையும் வளையங்களையும் போட்டபோது, அது அவற்றோடு விளையாடத் தொடங்கியது, தன்னைப் புண்ணாக்கிக்கொள்வதும் குறைந்தது. கார்டன் பர்கார்ட் 1996இல் அதைப் பதிவு செய்தபோது ஊர்வன விளையாடும் என்பதை நம்பவே பலர் தயங்கினார்கள்.

கோடையில் வண்டலூரில் கரடிக்குத் தர்பூசணி கொடுக்கும் படம் நாளிதழ்களில் வரும். நல்ல காரியம்தான். அதையே ஒரு பொந்துக்குள் ஒளித்து வைத்து, கரடி அரை மணி நேரம் தோண்டி எடுக்கும்படி செய்தால் பலன் பன்மடங்கு. காட்டில் கரடி தன் பகலிரவில் பெரும் பகுதியைத் தீனி தேடுவதில் கழிக்கிறது. நாம் தட்டில் வைத்து ஐந்து நிமிடத்தில் அந்த வேலையைப் பறித்துவிடுகிறோம். மிச்ச நேரத்துக்கு அது தலையாட்டுகிறது.

எவ்வளவு செய்தாலும் சரி செய்ய முடியாதவையும் உண்டு. கூட்டம் அதிகம் கூடும் வெள்ளைப் புலி அதில் ஒன்று. பூங்காக்களில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவற்றின் வம்சம் 1951இல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே புலியிடம் போய் நிற்கிறது. அந்த நிறத்தைக் காப்பாற்றத் தந்தையை மகளோடு சேர்த்தார்கள். நிறத்துக்குக் காரணமான அதே மரபுக் குறை, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளின் பாதையையும் மாற்றிவிடுகிறது. மாறுகண் அதனால் வருவது. குளம் வெட்டி, மரம் நட்டு இதை ஈடுகட்ட முடியாது. இருப்பவற்றை அன்போடு பராமரித்து, இனிப் பெருக்காமல் விடுவதுதான் நலம்.

பார்வையாளர்களும் அந்தச் சூழலின் ஓர் அங்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைமந்திகளை இந்தியப் பூங்காக்களில் கவனித்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், ஆட்கள் முன்னால் நின்றபோது அவற்றின் இயல்பற்ற நடத்தை கூடியது. வண்டலூருக்குச் செவ்வாய் விடுமுறை. செவ்வாயையும் ஞாயிறையும் ஒப்பிட்டு ஒவ்வொரு விலங்கின் நாளையும் எழுதிவைத்தால், செலவில்லாத ஆய்வு ஒன்று வாரந்தோறும் கையில் கிடைக்கும். கல்லூரி மாணவர்களை இதற்குப் பழக்கலாம்.

இப்போது ஒவ்வொரு பூங்காவும் மத்திய ஆணையத்துக்கு இருப்புக் கணக்கு அனுப்பியாக வேண்டும். எத்தனை பிறந்தன, எத்தனை இறந்தன, எத்தனை வந்தன, எத்தனை போயின என்று அதில் இருக்கும். அதோடு காப்பாளர் நிரப்பும் பக்கம் ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். எங்கே படுத்தது, பின்பக்க மறைவைப் பயன்படுத்தியதா, தீனியைத் தேட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது, கூப்பிட்டதும் வந்ததா, நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன மாற்றம். அதைக் காப்பாளர் தன் கையெழுத்தில், தமிழில் எழுதட்டும். அந்தப் பக்கத்தை எழுத அவருக்கு நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி, அதற்கும் சேர்த்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். கால்நடை மருத்துவர் காலையில் முதலில் பார்க்கும் தாளாக அது இருக்க வேண்டும்.